வெங்காயப் பட்டறையில் முடிந்த கல்விக் கடன்

வசூல் வேலையில் நான் இருந்த பதினெட்டு வருடத்தில், கடன் வாங்கியவர் தானாக என்னைப் போனில் கூப்பிட்டது அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான். அதுவரை நான் கூப்பிடுவேன், அவர்கள் எடுக்கமாட்டார்கள். எங்கள் தொழிலில் அதுதான் நடைமுறை.

கூப்பிட்டது தமிழரசி. சிறுவாச்சூர் பக்கத்துப் பெண். கல்விக் கடனில் பி.இ. முடித்தாள், வேலை கிடைக்கவில்லை, கடன் வாராக்கடன் (என்.பி.ஏ.) ஆகி எங்கள் ஏஜென்சிக்கு வந்தது. மூன்று வருடம் விடாமல் துரத்தினேன். இப்போது பேங்க் பரீட்சையில் பாஸாகிவிட்டாள். திங்கட்கிழமை கிளார்க்காகச் சேர வேண்டும். பழைய கடன் பாக்கி இல்லை என்கிற நோ டியூ சர்டிபிகேட் இல்லாவிட்டால் சேர்க்கமாட்டார்கள். அதற்காகவே செட்டில்மென்ட் பேசி, பாதியைக் கட்டியும்விட்டார்கள். மீதிக்குக் கெடு அன்று மாலை நாலு மணி.

"சார், லாரி வந்து நிக்குது. வெங்காயம் ஏத்துனாதான் காசு. ஆளுங்க யாரும் வரல. நாளைக்குக் கட்டிக்கலாமா சார்?"

"நாளைக்குன்னா செட்டில்மென்டே கேன்சல்மா. மூணு வருஷமா உங்கப்பா பட்டறை பட்டறைன்னாரு. இன்னிக்கு லாரியா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்தக் கதையை நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று பைக்கை எடுத்தேன்.

போனால், கதை இல்லை, நிஜம். காட்டோரத்தில் மூங்கிலும் கீற்றும் வைத்துக் கட்டிய நீளமான பட்டறை. உள்ளே காய்ந்த தாளோடு சின்ன வெங்காயம். விலை ஏறும்வரை இப்படித்தான் காற்றாட வைத்திருப்பார்களாம். தாளை அறுத்து மூட்டை பிடித்தால்தான் வியாபாரி எடுப்பார். தமிழரசியும் அவள் அப்பா பெரியசாமியும் அம்மாவும் மட்டும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். சிறுவாச்சூர்க் காளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பதால், வேலைக்கு வரும் பெண்களெல்லாம் பொங்கல் வைக்கப் போய்விட்டார்கள்.

"ரெண்டு மணிக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்" என்றார் லாரி டிரைவர்.

நான் ரெட்டிபாளையத்துக்காரன். சிமென்ட் ஃபேக்டரி ஊர். மாதம் பிறந்தால் சம்பளம் என்று வளர்ந்தவன். அதனால் எல்லோரையும் மாதம் பிறந்ததுமே நெருக்குவேன். பெரியசாமி "பட்டறை பிரிச்சதும் கட்டிடுறேங்க" என்று சொல்வதை, 'சாக்கு' என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவேன். விசாரித்தால், முதல் வருடம் மழையில் அழுகிவிட்டது, அடுத்த வருடம் விலை இல்லை. போன பட்டறையில் வந்த காசைத்தான் அப்படியே எங்களிடம் கட்டியிருக்கிறார்கள். மனிதர் பொய்யே சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பேன்ட்டை மடித்துவிட்டு உட்கார்ந்து நானும் ஒரு அரிவாளை எடுத்தேன். பத்தே நிமிடத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

தமிழரசி பார்த்துவிட்டாள். "மூணு வருஷமா எங்கள அழ வெச்சீங்க. நல்லா அழுவுங்க சார்."

பன்னிரண்டு மணிக்குக் கால்வாசிகூட முடியவில்லை. அறுத்தவரை ஏற்றலாம் என்று நான் ஒரு மூட்டையைத் தோளில் வைத்து லாரிக்கு நடந்தேன். கழுத்தில் ஏஜென்சியின் ஐ.டி. கார்டு தொங்கியது. அங்கேதான் வம்பு. வழியில் போன ஒருவர் பார்த்துவிட்டு ஊருக்குள் ஓடினார். சற்று நேரத்தில் பதினைந்து பேர் திரண்டு வந்துவிட்டார்கள்.

"யோவ், மூட்டையக் கீழ வைய்யா! படிச்ச கடனுக்கு வெங்காயத்த ஜப்தி பண்ணுவியா?"

ஒருவர் என் சட்டையைப் பிடித்தேவிட்டார். மூட்டையைக் கீழே போடவும் முடியாமல் முழித்தேன். பெரியசாமி ஓடி வந்தார்.

"அட விடுங்கப்பா! ஜப்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு சும்மா ஏத்திக் குடுக்குறாரு. நாலு மணிக்குள்ள காசு கட்டலன்னா பொண்ணு வேலை போயிடும்."

கூட்டம் லாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சட்டையைப் பிடித்தவரே முதலில் அரிவாளோடு உட்கார்ந்தார். அடிக்க வந்த அத்தனை பேரும் அறுக்க உட்கார்ந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஓர் ஊருக்குள் இருந்ததில்லை. வசூல்காரனுக்கு மோர் கொடுத்த ஊர் அது.

ஒன்றே முக்காலுக்கு லாரி நகர்ந்தது. வியாபாரி பணத்தைத் தமிழரசியின் கணக்கில் போட்டார். மூன்றே முக்காலுக்கு நானும் தமிழரசியும் பெரியசாமியும் கடன் கொடுத்த பேங்க்கில் நின்றோம். மேனேஜர் மூக்கைச் சுளித்தார். "என்ன சார், வெங்காய வாடை?"

"செட்டில்மென்ட் வாடை சார்" என்றேன்.

நோ டியூ சர்டிபிகேட்டைத் தமிழரசி இரண்டு முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள். பெரியசாமி என்னை வாசலுக்குத் தனியாக அழைத்துப் போனார்.

"சார், திங்கக்கெழமையிலேர்ந்து எம்பொண்ணு பேங்க்குக்குள்ள உக்காந்திருக்கும். இனிமே வசூலுக்குப் போனா யாரையும் சத்தம் போடாதீங்க. அதுக்குக் கோவம் வந்துடும்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். 'எப்போது கட்டுவீர்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'என்ன பயிர் போட்டிருக்கிறீர்கள், எப்போது விற்பீர்கள்' என்று கேளுங்கள். அப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகு, என் போனை எடுக்காதவர்கள் மிகக் குறைவு.