பால் காய்ச்சியாச்சா?

சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்கு எதிரே ஒரு மாடி அறையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து, இங்கே இருப்பவர்கள் வாடகைக்கு விடுவதற்காகத் தமிழ்நாட்டில் வாங்கும் வீடுகளைப் பார்த்துக்கொண்டேன். ஹோம் லோன் பேப்பர், பவர் பத்திரம், வாடகை அக்ரிமென்ட், குழாய் ஒழுகல் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். நான் அனுப்பிய லோன் ஃபைல் ஒன்றுகூட பேங்கிலிருந்து திரும்பி வந்ததில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் ஒரே ஒரு ஃபைலை ஒரு பெண் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்க வேண்டியது அந்தக் கதையைத்தான்.

1. சாவி

சரவணன் கப்பல் பட்டறையில் சேஃப்டி ஆபீசர். மனைவி கல்பனாவோடு பொங்கோலில் குடியிருந்தார். இருவரும் பிஆர், அதாவது இங்கே நிரந்தரவாசிகள். சென்னை சோழிங்கநல்லூரில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் ஒன்றை லோன் போட்டு வாங்கினார்கள். மாதத் தவணை சரவணன் சம்பளத்திலிருந்து போகும்; வாடகை வந்தால் பாதிச் சுமை இறங்கும். அதுதான் கணக்கு.

"ஜெனரல் பவர் கொடுத்துடவா அக்கா?" என்று கேட்டார்.

"சொந்த மச்சானுக்குக்கூட ஜெனரல் பவர் கொடுக்காதீங்க தம்பி. சாவி வாங்க, வாடகைக்கு விட, அதுக்கு மட்டும் ஸ்பெஷல் பவர் போதும்லா."

எங்கள் சென்னை ஆள் முருகேசன் பெயரில் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். ஆனி மாதக் கடைசியில் பில்டர் சாவியைக் கொடுத்தார். சரவணன் போனில் சொன்னது இதுதான்: "சீக்கிரம் ஆள் பாருங்கக்கா. டிசம்பர் மொத வாரம் நாங்க வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்னா இன்னும் நல்லது."

முதல் வாக்கியம் மட்டும்தான் என் காதில் ஏறியது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலும் பேங்க் தவணையை நிறுத்தி வைக்காது. அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸும் அவர் கணவரும் கைக்குழந்தையோடு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். ஆடிக்கு மூன்று நாள் இருக்கும்போது முருகேசன் அக்ரிமென்ட் போட்டு அவர்களைக் குடிவைத்தார். 'வாடகைக்கு விட்டாச்சு' என்று சரவணனுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டு நான் மீன் வாங்கப் போய்விட்டேன். அன்று என்னைப்போல் கெட்டிக்காரி யாருமில்லை என்று நினைப்பு.

2. அடுப்பு

ஆடி இரண்டாம் நாள் கல்பனா அலுவலகத்துக்கு வந்தாள். பின்னால் சரவணன். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அக்ரிமென்ட்டில் இருந்த கல்பனா நம்பருக்கு அந்த நர்ஸ் நன்றி சொல்லி அனுப்பிய படம். புது அடுப்பு, மஞ்சள் பூசிய பாத்திரம், பொங்கி வழியும் பால்.

"அக்கா, இது யார் வீட்டு கிச்சன்?"

"உங்க வீட்டு கிச்சன்தான்மா."

"அது தெரியுதுல்ல? அப்ப பொங்குற பால் யாரோடது?"

புது வீட்டில் முதல் பாலை வீட்டுக்காரி காய்ச்ச வேண்டும். அதற்காகத்தான் அவர்கள் டிசம்பரில் வர இருந்தார்கள். தோ பாயோவில் என் சொந்த வீட்டுக்குச் சாவி வாங்கிய அன்று, கட்டில்கூட வராத வீட்டில் நான் முதலில் தூக்கிக்கொண்டு போனது பால் சட்டியைத்தான். அடுத்தவள் வீடு என்றதும் அது எனக்கு மறந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

"விடு கல்பனா, வாடகை வருதுல்ல" என்றார் சரவணன்.

"நீங்க சும்மா இருங்க. வீடியோ கால்லயே பார்த்துப் பார்த்து அந்த டைல்ஸ எடுத்தது நான். இன்னும் அந்த வீட்டு வாசப்படிய மிதிக்கல." அவள் கண் கலங்கியது. "பவரை கேன்சல் பண்றோம். அவங்கள காலி பண்ணச் சொல்லுங்க."

"தப்பு என்னோடது கல்பனா. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்கல. காலி பண்ணுங்கன்னு இப்பவே போன் போடுறேன். ஆனா ஆடில கைக்குழந்தையோட போனா அவங்களுக்கு யாரும் வீடு தர மாட்டாங்க. அத மட்டும் யோசிச்சுக்கோங்க."

கல்பனா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அடுப்பு மேடையின் ஓரத்தில் குழந்தையின் பால் புட்டி இருந்தது.

"இருக்கட்டும். ஆனா வீட்ட இனிமே நானே பாத்துக்கிறேன். ஃபைல குடுங்க."

கொடுத்தேன்.

3. கட்டம்

அந்த வருடக் கடைசியில் பட்டறை சரவணனின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. நான்கு மாதம் வேலை இல்லை. வாடகையும் சேமிப்பும் சேர்ந்துதான் தவணையைக் கட்டின; ஃப்ளாட் கைவிட்டுப் போகவில்லை. ஆடி, புரட்டாசி, மார்கழி என்று வீட்டைப் பூட்டி வைத்திருந்தால் விற்றிருக்க வேண்டியதுதான். இதைச் சரவணனே ஒருநாள் தேக்காவில் பிரியாணிக் கடை வரிசையில் நின்றுகொண்டு சொன்னார்.

"பாத்தியா, நான் செஞ்சதுதான் சரி" என்று நான் மார்தட்டிக்கொள்ளவில்லை. வீடு தப்பியது அவர்கள் அதிர்ஷ்டம். கேட்காமல் செய்தது என் தப்பு. பவர் பத்திரம் எங்கள் ஆளைக் கையெழுத்துப் போடச் சொன்னதே தவிர, அடுத்தவள் ஆசையை நானே முடிவு செய்யச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் படிவத்தில் லோன் நம்பருக்கும் மேலே ஒரு கட்டம் சேர்த்தேன்: 'பால் காய்ச்சியாச்சா? காய்ச்சப்போவது யார்?' புதிதாகச் சேர்ந்த பட்டதாரிகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து கல்பனா மறுபடி படியேறி வந்தாள். கோயம்புத்தூரில் இன்னொரு ஃப்ளாட். "பேப்பர் வேலைக்கு உங்கள விட்டா ஆள் இல்லக்கா" என்று சொல்லிப் படிவத்தை வாங்கிக்கொண்டாள். முதல் கட்டத்தில் பேனா நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினாள்.

'குடிவர்றவங்களே காய்ச்சட்டும். போன தடவை காய்ச்சினவங்க கைராசி நல்லா இருந்துச்சு. ஆனா எனக்கு வீடியோ கால் போடணும்.'

கடைசி வரியை ஒரு கண்டிஷனாக அக்ரிமென்ட்டில் நானே டைப் அடித்தேன்.