ஜன்னல் வழியாக வந்த பிள்ளை

கைக்குழந்தைக்கு ஒரு கை. நடை பழகின பிள்ளைக்கு ஒரு கை. அப்புறம் பஸ் கம்பியைப் பிடிக்க எந்தக் கை? இந்தக் கேள்வியை நான் மீனாட்சி அம்மனிடம் தினமும் கேட்டிருக்கிறேன். கும்பிட்டுக் கேட்கவில்லை, சண்டை போட்டுத்தான் கேட்டேன். அவள் சொன்ன பதிலை உங்கள் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. போன வாரம் விளக்குப் பூஜை முடிந்ததும் ஆளுக்கொரு அனுபவம் சொன்னீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். வாயாடிக்கு இன்றைக்கு என்ன ஆச்சு என்று கேலி வேறு. சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் சொல்லவில்லை. எழுதினால் அழுவது தெரியாது பாருங்கள், அதனால் எழுதிவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கோச்சடையில் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். வடக்கே லோடு ஏற்றிப் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. நான் பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம், காடு கரை உள்ள வீடு. அம்மா வந்தால் ரெண்டு நாள் இருக்கும். மூன்றாம் நாள், "மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?" என்று பையைத் தூக்கிவிடும். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, வீட்டில் நான் ஒருத்தி, பிள்ளைகள் ரெண்டு.

மூத்தவள் தங்கம். அவளுக்கு ஒரு வயசு முடிந்த கையோடு இளையவன் சோலை பிறந்தான். பிறந்தபோதே அவனுடைய வலது பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. நான் அதைத் துணி போட்டு மூடி மூடி வைத்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். "பொறந்த நேரம் அப்படி" என்று ஒருத்தி சொன்னாள். அவளை அன்றைக்கே வாசலோடு அனுப்பிவிட்டேன்.

சிம்மக்கல்லில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஓர் எலும்பு டாக்டர் இருந்தார். நல்ல மனுஷன். பிள்ளையின் பாதத்தைக் கையில் வைத்து மெதுவாக அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பிஞ்சு எலும்பும்மா. மாவுக்கட்டுப் போட்டுப் போட்டே நேராக்கிரலாம். ஆனா வாராவாரம் வரணும். பழைய கட்டை எடுத்துட்டுக் கொஞ்சம் திருப்பிப் புதுக்கட்டுப் போடணும். நடுவுல விட்டீங்கன்னா கால் பழையபடி திரும்பிக்கும். அப்புறம் கத்தி வைக்க வேண்டியதுதான்."

வாராவாரம். அந்த ஒரு சொல்தான் என்னைக் கொன்றது.

மாவுக்கட்டுப் போட்ட கைக்குழந்தையைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? தொடையிலிருந்து விரல் வரைக்கும் கட்டு. தோளில் போட முடியாது, கட்டு இடிக்கும், வீலென்று கத்துவான். ரெண்டு கையிலும் ஏந்தித்தான் தூக்க வேண்டும். நனையவும் கூடாது. அவன் ஒண்ணுக்குப் போனால் என் சேலைதான் வாங்கிக்கொள்ளும். ரெண்டு கையும் இவனுக்கே சரியாகப் போனது. தங்கத்துக்கு என் முந்தானை நுனி. அதைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். நடப்பாள் என்றால், அம்மணிக்கு இஷ்டம் இருக்கிற வரைக்கும். நாயைப் பார்த்தால் நிற்பாள். பஞ்சுமிட்டாயைப் பார்த்தால் நடுரோட்டில் உட்கார்ந்தே விடுவாள். பக்கத்து வீட்டில் ஒரு தடவை விட்டுவிட்டுப் போனேன். அழுது அழுது வாந்தி எடுத்து, ஜுரம் வந்து படுத்துவிட்டாள். ஆட்டோவில் போக வாராவாரம் கட்டுப்படியாகாது. கோச்சடையில் ஒரு பஸ், ஆரப்பாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ். வேறு வழியில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போருக்குப் போகிற மாதிரிதான் கிளம்புவேன். வீடு திரும்பினால் கை ரெண்டும் மரத்துப்போய், சோறு பிசைய முடியாது. ஒரு நாள் அடுப்படியில் மாட்டியிருந்த மீனாட்சி படத்துக்கு முன்னால் நின்று கத்தினேன்.

"ஏ தாயி, ஒனக்கென்ன! கையில ஒத்தக் கிளி. அது அழுகாது, ஒண்ணுக்குப் போகாது. என்னைய மாதிரி ரெண்டைத் தூக்கிக்கிட்டு ஆரப்பாளையத்துல பஸ் ஏறிப் பாரு, அப்பத் தெரியும் சேதி. எனக்கு ரெண்டு கை பத்தல. இன்னும் ரெண்டு கை குடு. இல்லையா, புள்ள காலை நீயே நேராக்கிரு!"

சாமியிடம் இப்படியா பேசுவது என்று நினைப்பீர்கள். எனக்கு அவளிடம் பேசத் தெரிந்தது அப்படித்தான். வேறு யாரிடம் போய்க் கத்துவேன்?

அடுத்த வெள்ளி, ஆடி வெள்ளி. ஆரப்பாளையத்தில் வந்த பஸ் எல்லாமே மாரியம்மன் கோயில் கூட்டம். டாக்டர் கிளம்புவதற்குள் போயாக வேண்டும். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் பின்பக்கம் எப்படியோ ஏறிவிட்டேன். தங்கத்தை யாரோ தூக்கி உள்ளே விட்டார்கள். நிற்க இடமில்லை, பிடிக்கக் கை இல்லை. அப்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கையை நீட்டினார். மூக்கின் ரெண்டு பக்கமும் மூக்குத்தி, காலடியில் ஒரு காலிப் பை.

"பெரியவளை இப்படிக் குடும்மா. நீ சின்னதைப் பத்திரமாப் பிடிச்சுக்க."

நம் ஊர் பஸ்ஸில் இது புதுசா? உட்கார்ந்திருக்கிறவர் மடி எல்லோர் பிள்ளைக்கும் பொது. கொடுத்தேன். தங்கம் அவர் மடியில் உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்திருந்த பன்னைத் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தாள். கூட்டம் என்னைத் தள்ளித் தள்ளிப் பின்படிக்கே கொண்டுபோய் விட்டது.

சிம்மக்கல் வந்தது. நாம் எப்படிச் செய்வோம்? முதலில் நாம் இறங்கிக்கொள்வோம். அப்புறம் ஜன்னலுக்குக் கீழே போய்ப் பிள்ளையை வாங்கிக்கொள்வோம். நானும் அப்படித்தான் இறங்கினேன். எனக்குப் பின்னால் மூட்டையோடு நாலு பேர் இறங்கினார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு நான் ஜன்னலுக்குப் போவதற்குள் விசில் சத்தம். பஸ் நகர்ந்துவிட்டது.

"எம்புள்ள! எம்புள்ள உள்ள இருக்கு! நிப்பாட்டுங்க!"

கையில் குழந்தையோடு எவ்வளவு தூரம் ஓட முடியும்? பன் பிடித்த ஒரு சின்னக் கை ஜன்னலில் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறிப் போயே போய்விட்டது. என்ன நம்பர் பஸ்? தெரியாது. அந்த அம்மா யார்? தெரியாது. மூக்குத்தி மட்டும்தான் ஞாபகம்.

அந்த ஸ்டாப்பில் பூ விற்ற ஓர் அக்கா ஓடி வந்து என் தோளைப் பிடித்தது. ஓர் ஆட்டோக்காரர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏறுக்கா! பாலம் தாண்டிக் கோரிப்பாளையத்துக்குள்ள மடக்கிப்புடுவோம்."

ஒரு காலை எடுத்து ஆட்டோவுக்குள் வைத்துவிட்டேன். வைத்த காலோடு, மீனாட்சி கோயில் கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்தேன். அப்போது சண்டை போட வாய் வரவில்லை. "ஆத்தா, கை வேணாம், ஒண்ணும் வேணாம். எம்புள்ளையக் குடு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

காதில் குரல் கேட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நெஞ்சுக்குள் ஒரே ஒரு எண்ணம் வந்து நின்றது. 'இங்கேயே நில்லு.' அது என் எண்ணம் இல்லை. எனக்கு ஓடத்தான் தெரியும், நிற்கத் தெரியாது. என்னைத் தெரிந்த உங்களுக்கு அது தெரியும். ஆனால் வைத்த காலை வெளியே எடுத்துவிட்டேன்.

"நான் வரல அண்ணே. நான் இங்கனதான் நிக்கணும்."

"என்னக்கா சொல்றீங்க? புள்ள போகுதுல்ல!"

"நீங்க போய்ப் பாருங்கண்ணே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் இங்கனயே நிக்கிறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விரட்டிக்கொண்டு போனார். "என்ன பொம்பள இது, கல்லு மாதிரி நிக்குது!" என்று பக்கத்தில் யாரோ சொன்னது கேட்டது. கேட்டால் கேட்கட்டும். சோலை கத்துகிறான். பூக்கார அக்கா கூடையைத் தரையில் வைத்துவிட்டு அவனை வாங்கி, கட்டு இடிக்காமல் ஏந்திக்கொண்டது. நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

ஆட்டோக்காரர் திரும்பி வந்தார். வண்டியில் அவர் மட்டும்தான் இருந்தார்.

"பஸ்ஸை அண்ணா பஸ் ஸ்டாண்டுல புடிச்சுட்டேன்க்கா. உள்ள ஏறிப் பாத்தேன். புள்ளையும் இல்ல, அந்தம்மாவும் இல்ல. கோரிப்பாளையத்துலயே இறங்கிட்டாகன்னு கண்டக்டர் சொல்றாரு. அங்கயும் பாத்தேன், காணோம்."

கூட்டம் கூடிவிட்டது. போலீஸுக்குப் போ என்றார்கள். பிள்ளையை அடுத்தவளிடம் கொடுக்கலாமா என்றார்கள். ஆனாலும் அந்த எண்ணம் மட்டும் நகரவில்லை. 'நில்லு. இங்கேயே நில்லு.'

அப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

"யம்மா! மாவுக்கட்டுப் புள்ளைக்காரம்மா! இங்க பாரு! இந்தப் பக்கம்!"

எதிர்ப்பக்கம் வந்து நின்ற பஸ்ஸின் ஜன்னலில் ரெண்டு மூக்குத்தி. மடியில் என் தங்கம்!

ஆட்டோக்காரர் நடுரோட்டில் இறங்கி ரெண்டு கையையும் விரித்து வண்டிகளை நிறுத்தினார். நான் விழுந்தடித்து ஓடினேன். அந்த அம்மா பிள்ளையை ஜன்னல் வழியாகவே நீட்டினார். முதல் தடவையாக எனக்கு ரெண்டு கையும் காலியாக இருந்தது. ரெண்டு கையாலும் வாங்கினேன். தங்கம் அழக்கூட இல்லை. தலையில் புதுசாகக் கனகாம்பரம் வேறு. ஊருக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான்தான் நடுரோடு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

அவர் சரசக்கா. சௌராஷ்டிரக்காரர், ஆரப்பாளையம் பக்கம் வீட்டிலேயே தறி. சிம்மக்கல்லைத் தாண்டி நூல் வாங்கப் போய்க்கொண்டிருந்தவர். நான் இறங்கியதே அவருக்குத் தெரியவில்லை. பாலத்தில் பாதி தூரம் போன பிறகுதான் என்னைக் காணவில்லை என்று தெரிந்து கத்தியிருக்கிறார். கோரிப்பாளையத்தில் இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிரே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். தங்கம் சிணுங்கியபோது தன் வீட்டுப் பாஷையில் என்னவோ பாடியிருக்கிறார். அதைக் கேட்டு இவளும் கப்சிப்.

"நீ ஆட்டோ புடிச்சு அங்கிட்டு வந்துருந்தா நான் ஒன்னைய எங்கன்னு தேடுறது?" என்றார் சரசக்கா. "பெத்தவ இறங்குன எடத்துலதான் நிப்பான்னு ஒரு தைரியத்துல வந்தேன். நிக்கணுமேன்னு மீனாட்சிய வேண்டிக்கிட்டே வந்தேம்மா."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது. நிற்கிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வேண்டினாள், இந்தப் பக்கம் ஒருத்தி நின்றாள்.

இனிமேல் பஸ்ஸே ஏற மாட்டேன், கால் எப்படியோ போகட்டும் என்று விம்மினேன். சரசக்கா விடவில்லை.

"அடச்சீ, கண்ணைத் தொடை. டாக்டர் போயிருவாரு. வா, நானும் வாரேன்."

நூல் கடையை விட்டுவிட்டுத் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அன்றைக்கும் கட்டு மாற்றினோம். நூல் தீர்ந்தால் மட்டும் கடைக்குப் போகிறவர், அடுத்த வெள்ளியிலிருந்து எனக்காக வாராவாரம் வெள்ளியன்றே போக ஆரம்பித்தார். ஆரப்பாளையத்தில் எனக்கு முன்பே வந்து நிற்பார். சிம்மக்கல்லில் பஸ் நிற்கும்போதே பூக்கார அக்கா ஜன்னலுக்குக் கீழே கையை நீட்டிவிடும். ஆட்டோக்கார அண்ணன் அந்தப் பக்கம் சும்மா நின்றால் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விடுவார். நான் கேட்டது ரெண்டு கை. அவள் எத்தனை கை கொடுத்தாள் பாருங்கள்!

ஒரு வாரம்கூட விடவில்லை. கடைசிக் கட்டைப் பிரித்த அன்று பாதம் நேராக, உள்ளங்கால் தரையில் பட்டு நின்றது. டாக்டர் தட்டிக் கொடுத்தார். சரசக்கா அந்தப் பாதத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அக்கா தங்கச்சிகளே, உங்களில் யாருக்காவது கை பத்தவில்லை என்றால் அவளிடம் கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டால் சண்டை போட்டுக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டாள், நான் பொறுப்பு. 'நில்லு' என்று சொன்னால் மட்டும் நின்றுவிடுங்கள். அவள் யார் கையையாவது நீட்டுவாள். நான் அன்றிலிருந்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் முதலில் பார்ப்பது, பிள்ளையோடு யாராவது நிற்கிறார்களா என்றுதான். வாங்கினால், பெற்றவளோடு நானும் இறங்கிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவேன். கண்டக்டர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

போன வெள்ளி சோலையோடு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். இப்போது பள்ளிக்கூடம் போகிற பையன், ஒரு இடத்தில் நிற்க மாட்டான். சிம்மக்கல்லில் ஒரு சின்னப் பெண் ஏறினாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒன்று. நான் கையை நீட்டுவதற்குள் அவன் எழுந்துவிட்டான்.

"அக்கா, நீங்க உக்காருங்க. நான் நின்னுக்கிருவேன்."

ஆரப்பாளையம் வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தான். ரெண்டு காலையும் நேராக ஊன்றி.

நல்லா இருப்ப தாயி, மீனாட்சி.