கோபுரம் இல்லாத செவ்வாய்

பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியின் டிராயிங் ஆபீசில் வேலை பார்த்த அரங்கசாமி, ஞாயிற்றுக்கிழமைகளில் செவ்வாய்க் கிரகத்தில் சண்டை போடுவார். எதிரி, டவுன்ஹால் பக்கம் கடிகாரம் பழுது பார்க்கும் யாகூப். கம்பெனிக்கு மிஷின் பூட்ட வந்த இங்கிலாந்து இன்ஜினியர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது விதிப்புத்தகத்தையும் கட்டைவிரலில் பாதி உயரச் சிப்பாய்களையும் அரங்கசாமியிடம் விட்டுப் போயிருந்தார். சாப்பாட்டு மேஜையில் இரண்டு படைகளை நிறுத்தி, ஸ்கேலால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம்.

மேஜை வெறும் மைதானமாக இருந்ததுதான் குறை. ஒளிய இடமில்லாமல் இரண்டாவது சுற்றிலேயே இரண்டு பக்கமும் பாதிப் பேர் செத்துப்போவார்கள். சோப்பு டப்பாவைக் கட்டடமாக வைத்துப் பார்த்தார்கள்.

"செவ்வாயில ஏதுங்கண்ணா சோப்பு டப்பா?" என்றார் யாகூப்.

1996இல் கிராஸ்கட் ரோட்டில் கைக்கடிகாரமும் பரிசுப் பொருளும் விற்கும் ஒரு கடையில் அரங்கசாமி அந்தப் பெட்டியைக் கண்டார். இடிந்த விண்வெளி நகரம்: மூன்று மாடிக் கோபுரம், உடைந்த பாலம், மதில்கள். எல்லாம் நாமே வெட்டி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் துண்டுகள். தீபாவளிக்கு எடுக்க நினைத்திருந்த சட்டையை விட்டுவிட்டு அதை வாங்கினார்.

வீட்டில் பிரித்தால் பாலம் இருந்தது, மதில்கள் இருந்தன. கோபுரத்தைக் காணோம். துண்டுப் பட்டியலில் அறுபத்து நான்கு, பெட்டியில் முப்பத்தேழு. பெட்டியின் ஓரத்தில் பழைய டேப்புக்கு மேல் புது டேப் ஒட்டியிருந்தது.

பெட்டியோடு கடைக்குப் போனார். முதலாளி காளிச்சாமி மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

"ஏனுங்க சார், கொழந்தைக்குத்தானுங்களே. பாதி இருந்தாலும் வெளையாடுமுங்க."

"எனக்குங்க. நான் வெளையாடறதுக்கு வாங்குனேன்."

காளிச்சாமி அவரை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். கல்லாவில் இருந்தவரும் சிரித்தார். மாற்றித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அரங்கசாமி பெட்டியைத் திறந்து துண்டுகளை மறுபடி எண்ணினார். துண்டு குறைந்தது போகட்டும், அந்தச் சிரிப்பை அவரால் விழுங்க முடியவில்லை.

"விட்டுப்போடுங்க. ஒரு அட்டையில நானே கோபுரம் செஞ்சு தாரேன்" என்றார் மனைவி ராமாமணி.

"செஞ்சுக்க எனக்குத் தெரியாதா அம்மணி? திருடிப்போட்டுச் சிரிக்கறான்."

மறுநாள் நுகர்வோர் மன்றத்துக்குத் தானே மனு எழுதினார். துண்டுப் பட்டியலிலிருந்த படங்களைப் பார்த்து, இல்லாத இருபத்தேழு துண்டுகளையும் அளவோடு வரைந்து இணைத்தார்.

அந்த வாரமே யாகூப், வாட்ச் வார் வாங்க அதே கடைக்குப் போனவர், சாலையைப் பார்த்திருந்த கண்ணாடி ஷோகேஸின் முன் நின்றுவிட்டார். உள்ளே சாம்பல் நிறக் கோபுரம். மாடிக்கு ஒன்றாக மூன்று லேடீஸ் வாட்ச் அதில் தொங்கின. யாகூப் வாயைத் திறக்காமல் வெளியே வந்து, தெரிந்த ஸ்டுடியோக்காரரை அழைத்துப் போய்ச் சாலையில் நின்றே போட்டோ எடுக்க வைத்தார்.

விசாரணையில் கடைக்காரரின் வக்கீல் எழுந்தார்.

"உங்களுக்கு என்ன வயசுங்க?"

"நாப்பத்தெட்டுங்க."

"நாப்பத்தெட்டு வயசுல பொம்மை வெச்சு வெளையாடறீங்க."

பின்னால் தங்கள் வழக்குக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அரங்கசாமி சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார்.

"வக்கீல் சார், உங்களுக்கு இருவது சீட்டை உருவிட்டு ஒரு சீட்டுக்கட்டு வித்தா, வெளையாட்டுச் சாமான்தானேன்னு சும்மா வாங்கிக்குவீங்களா? பெட்டியில அறுவத்தி நாலுன்னு போட்டிருக்குங்க. அதுக்கும் என் வயசுக்கும் என்னங்க சம்பந்தம்?"

மன்றத் தலைவர், கோபுரம் இல்லாவிட்டால் ஆட்டத்துக்கு என்ன நஷ்டம் என்று உண்மையாகவே கேட்டார். அரங்கசாமி குமாஸ்தாவின் மேஜையில் மதிலை வைத்து, ஒரு சிப்பாயை நிறுத்தி, எதிரில் இன்னொருவனை நிறுத்தி, நடுவே நூல் பிடித்துக் காட்டினார். நூல் மதிலுக்கு மேலாகவே போனது; மறைய இடமில்லாதவன் சுடப்பட்டான். பிறகு போட்டோவை நீட்டினார். காளிச்சாமி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கோபுரத்தை ஒப்படைத்து, எழுத்தில் மன்னிப்புக் கேட்கும்படி உத்தரவாயிற்று.

கோபுரம் வந்தது. கொக்கி மாட்ட ஒவ்வொரு மாடியிலும் ஓட்டை போட்டிருந்தார்கள். மன்னிப்புக் கடிதத்தில் 'விளையாட்டுப் பொம்மை தொடர்பாக' என்று இருந்தது. அரங்கசாமி அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, 'போர்க்களக் கட்டட அமைப்பு' என்று திருத்தித் திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை சரியாக எழுதி வந்தது.

அடுத்த ஞாயிறு ஆட்டம் மாலை வரை நீண்டது. யாகூப்பின் படை கோபுரத்தை முதலில் பிடித்துக்கொண்டதால் அரங்கசாமி தோற்றார். அதைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. காளிச்சாமியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், பல வருடம் கழித்தும், காபியைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.