பிடி விடாத இடது கை

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான் எழுத உட்கார்ந்தபோது, "நல்லதை மட்டும் எழுது பிள்ள" என்றார் மதினி. நல்லதைத்தான் எழுதுகிறேன். எங்கள் அண்ணன் பெரிய பயந்தாங்கொள்ளி. அந்தப் பயத்தோடேயே அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் பிறந்தது சீவலப்பேரியில். சிறு வயதில் படித்துறையில் வழுக்கி ஆற்றோடு போனவரை யாரோ தலைமுடியைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டார்கள். அதன்பிறகு தாமிரவருணிக்குப் பக்கத்திலேயே ஆயுசு முழுவதும் இருந்தும் வாளித் தண்ணீரில்தான் குளித்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பும் குடும்பமும் ஒன்றாக அவர் தலையில் விழுந்தன. பாளையங்கோட்டைக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியரானார். என்னைப் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, அதன்பிறகுதான் தம் கல்யாணத்தைப் பற்றி யோசித்தார்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் அமெச்சூர் ரேடியோ. அரசாங்க உரிமம் வாங்கி, சொந்த வயர்லெஸ் வைத்து, முகம் தெரியாதவர்களோடு மோர்ஸ் தந்திமொழியில் பேசுகிற பொழுதுபோக்கு அது. பரீட்சைக்கு இருவரும் சேர்ந்தே படித்தோம். நான் தேறினேன், அவர் தோற்றார். மறுமுறை அவரும் தேறினார் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலிருந்தே கோபித்துக்கொள்வார். வயர்லெஸ் என்ற சொல்லைக் கேட்டாலே போலீசும் ஊரும் மிரண்ட காலம் ஒன்று வந்தது. அப்போது உரிமத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசல் கதவிலேயே மாட்டி வைத்தார். மேகம் கறுத்தால் போதும், இடிக்குப் பயந்து ஏரியல் கம்பியைப் பிடுங்கி வெளியே எறிவார்.

மோர்ஸ் அனுப்ப ஒரு கீ வேண்டும். விரலால் தட்டினால் குறுக்கமும் நெடுக்கமுமாக ஒலி போகும். கடையில் கிடைப்பது கனத்த பித்தளை. அண்ணன் முதுகுவலிக்காரர், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய், தோப்பிலும் மொட்டைமாடியிலும் உட்கார்ந்து பேசுவதில் பிரியம் உள்ளவர். ஆகவே தாமே கீ செய்தார். இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு உடைந்த துண்டு ஒன்று, பழைய சர்க்யூட் போர்டு ஒரு துண்டு, இரண்டு திருகு. இன்னும் லேசாக, இன்னும் லேசாக என்று அரம் வைத்து ராவிக்கொண்டே இருப்பார். ஊதினால் பறந்துவிடும் போன்ற ஒன்றைக் கடைசியில் செய்து காட்டினார். வலது கையால் தட்டத் தட்ட அது மேசையில் நழுவி ஓடியது. இடது கையால் அழுத்திப் பிடித்தால்தான் நிற்கும்.

"எதுக்குண்ணே கீயி கனமா இருக்குன்னு இப்பவாது தெரிஞ்சுதா?" என்றேன்.

"இடது கை சும்மாதான இருக்கு. அது பிடிச்சுக்கிடும்" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம். இந்தப் புதுக் கீயைச் சோதிக்க ஏரலில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனார். வீடு ஆற்றை ஒட்டியது என்பதை நண்பர் அவரிடம் சொல்லவில்லை. மலையில் விடாமல் பெய்த மழையில் அணை நிரம்பி, மறுநாள் காலையில் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. பஸ் இல்லை, டெலிபோன் இல்லை. மதினி என் வீட்டுக்கு வந்து வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு ஐந்தாம் மாதம். காலையிலிருந்து இரைச்சல் மட்டுமே கேட்டது. என் பயத்தை மதினியிடம் காட்டக் கூடாது என்று வயர்லெஸின் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் அண்ணனின் உரிமத்துக்கு உரிய அழைப்புக் குறி எழுத்துகள் கேட்டன.

"அவுகதானே? அவுகதானே பிள்ள?" என்றார் மதினி.

நான் ஒலியைக் கூட்டி வைத்தேன். மோர்ஸிலும் கையெழுத்தைப் போல ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு உண்டு. அண்ணனின் கைவாகு உறக்கத்திலும் எனக்குத் தெரியும். இது அவர் கை இல்லை. குறுக்கம் நெடுக்கமாக இழுத்தது, பாதி எழுத்து அறுந்து போனது. யாரோ அவருடைய கருவியை எடுத்துத் தட்டுகிறார்கள் என்றால் அவர் எங்கே? ஆற்றில் சிவப்பாகத் தண்ணீர் போவது கண்முன் வந்தது. ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வேறு ஜெபம் ஓடவில்லை.

பிறகுதான் அந்தக் கீ மேசையில் நழுவி ஓடியது நினைவுக்கு வந்தது. இது அண்ணன்தான், ஆனால் கீயைப் பிடிக்க இடது கை இல்லை. உடனே அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. தமிழை ஆங்கில எழுத்தில் கூட்டித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். தட்டினேன்: இடது கைக்கு என்ன?

பதில் வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டு எழுத்துக் கூட்டினேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் தூணைப் பிடித்திருக்கிறேன். விட பயமாக இருக்கிறது.

சொன்னதும் மதினி சிரித்தார், சிரித்தபடியே அழுதார். ஆனால் அண்ணன் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தார். மாடியில் நண்பரின் குடும்பமே இருக்கிறது, நிறைமாதக் கர்ப்பிணிக்கு வலி எடுத்துவிட்டது என்பது வரை புரிந்தது. அந்த வீட்டை நாங்கள் பார்த்ததில்லை; எந்தத் தெரு, எந்த வீடு என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் சிதைந்தே வந்தது. அந்த ஓர் எழுத்து வரிசை இல்லாமல் படகை எங்கே அனுப்புவது?

தண்ணீரைக் கண்டால் கால் நடுங்குகிற மனிதரிடம் அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. கேட்டேன். தூணை விடுங்க. கீயைப் பிடிங்க.

இரைச்சல் மட்டும் கேட்டது. மதினி என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. விடச் சொன்னது நான்தான், விட்டு விழுந்திருந்தால்?

அதன்பின் அச்சடித்தாற்போல ஒலி வந்தது. தெருவின் பெயர், வீட்டு அடையாளம், எல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல்.

"இப்ப யாரு பிள்ள?"

"இப்ப அண்ணந்தான் மதினி."

என் கணவர் அந்தத் தாளோடு வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு ஸ்கூட்டரில் ஓடினார். பொழுது சாய்வதற்குள் மீனவர்களின் வள்ளம் போய்ச் சேர்ந்தது. அந்தத் தாயும் பிள்ளையும் இன்று நலம். வீடு திரும்பிய அண்ணன் இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டு, "இனிமே ஆத்தங்கரைக்கு எவன் கூப்பிட்டாலும் போவ மாட்டேன்" என்றார். போகவும் இல்லை.

போன ஆண்டு பக்கவாதம் அவருடைய பேச்சையும் வலது கையையும் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடது கையால் என் கையைப் பற்றிக்கொண்டே கிடந்தார். ஒருநாள் அந்தப் பிடி இறுகித் தளர்ந்தது, மறுபடி இறுகியது. குறுக, நீள, குறுக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் பேசுகிறார்! லேசான கீ தேடி அவர் கடைசியில் வந்து சேர்ந்தது என் உள்ளங்கைக்கு.

"என்ன சொல்லுதாக?" என்றார் மதினி.

பயமாக இருக்கிறது என்று சொன்னார். நான் மதினியிடம், "உங்களைச் சாப்பிடச் சொல்லுதாக" என்றேன்.

கடைசி நாள் மாலையில் மெதுவாக ஒரே ஒரு சொல் வந்தது. விடட்டுமா?

வெள்ளத்தன்று விடுங்கள் என்று சொன்னவள் நான். அந்த மாலையில் என் வாயில், "வேண்டாம்ணே" என்றுதான் வந்தது. அவர் பிடித்தபடியேதான் இருந்தார். விரல்களை நர்ஸம்மா ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள்.

இரவு பகல் பாராமல் பார்த்த மருத்துவருக்கும் நர்ஸம்மாவுக்கும், புன்னக்காயலிலிருந்து லாரியில் வள்ளம் ஏற்றி வந்து அன்று அவரை மீட்டு, போன ஆண்டு அவருடைய அடக்கத்துக்கும் வந்து நின்ற மீனவ அண்ணாச்சிமாருக்கும், அன்று பிறந்த பிள்ளையோடு வந்த ஏரல் குடும்பத்தாருக்கும், பள்ளிக்கும், சபையாருக்கும் எங்கள் நன்றி. அண்ணன் இல்லாத இந்த வீட்டில் மதினிக்கும் பிள்ளைக்கும் எனக்கும் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. எங்கள் கையை விட்டுவிடாதீர்கள்.