அறுநூற்று நாற்பது யூனிட்

மங்களாம்பிகைக்கு வாய் அதிகம் என்பது குடவாசல் பக்கத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் முழுக்கத் தெரியும். மளிகைக் கடையில் எடை குறைந்தாலும் சரி, பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை தர மறந்தாலும் சரி, அவள் விட்டதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று தனக்குத் தானே சான்றிதழும் கொடுத்துக்கொள்வாள்.

அவள் புருஷன் ரெங்கசாமி நேர் எதிர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசி, அதையும் பாதியில் விழுங்கிவிடுவார். கடைமடையில் ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலம். ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் ஊரில் முறை வைத்துத்தான் வாய்க்கால் தண்ணீரை விடுவார்கள், இன்னாருக்கு இத்தனை மணி நேரம் என்று. தன் நேரம் முடிந்ததும், வயலில் பாதி நனைந்திருந்தாலும், ரெங்கசாமி மண்வெட்டியை எடுத்துத் தன் மடையைத் தானே அடைத்துவிடுவார். ஒரு வருஷம் குறுவைப் பயிர் மஞ்சள் பூத்து நின்றபோது மங்களம் வரப்பில் நின்று கத்தினாள்.

"இன்னும் கால் மணி நேரம் விட்டாத்தான் என்ன? யாரு பாக்கப் போறா?"

"அடுத்தவனுக்கும் பயிரு இருக்குல்ல" என்றார் அவர். அடைத்துவிட்டு வந்துவிட்டார். அந்த வருஷம் பாதிக்குப் பாதி பதராகப் போனது. அவரைப் பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவள் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஊரில் யாருக்கும் யார்மேலும் நம்பிக்கை இல்லாத நாளில், தண்ணீர் முறை பார்க்க ரெங்கசாமியைத்தான் கூப்பிட்டார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. வெளியே சொன்னதில்லை.

அறுவடை இல்லாத மாதங்களில் அவர் அரிசி ஆலையில் உமி அள்ளிப் போடும் வேலைக்குப் போவார். இருபது வருஷம் தின்ற உமித்தூசியும் அவர் விடாத பீடியும் சேர்ந்து நெஞ்சைத் தின்றுவிட்டன. போன ஆடியில் நாலடி நடந்தால் உதடு நீலமாகிற நிலைக்கு வந்தார். தஞ்சாவூர் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நுரையீரல் இனித் திரும்பாது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷினை வாடகைக்கு எடுங்கள். குளிக்க, சாப்பிட மட்டும் எடுக்கலாம். மற்ற நேரமெல்லாம் குழாய் மூக்கில் இருக்க வேண்டும். ஒழுங்காகப் போட்டால் சில வருஷம் ஓடும்.

அந்தச் சில வருஷத்துக்காகத்தான் மங்களம் நிலத்தைத் திருப்பி ஒப்படைத்துவிட்டுத் தஞ்சாவூருக்கு வந்தாள். ஊரில் வோல்டேஜ் இல்லாமல் மெஷின் முனகியது. மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் ஒரு மாடி போர்ஷன் கிடைத்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, பாத்ரூமில் அரதப்பழசான ஒரு கீசர். பக்கத்திலேயே ஒரு மெஸ்ஸில் காய் நறுக்க ஆள் கேட்டார்கள். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறரைக்கு வரலாம், ஞாயிறு லீவு. மத்தியானச் சாப்பாட்டை அவர் கைக்கு எட்டும் இடத்தில் மூடி வைத்துவிட்டுப் போவாள்.

ஆவணி மாதக் கடைசியில் திருமுருகன் என்ற கம்பெனிப் பையன் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினான். புத்தம் புதுசு. கட்டில் ஓரத்தில் அது ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவர் முகத்துக்கு மெல்ல ரத்தம் திரும்பியது. புரட்டாசியில் மாடிப்படியில் தானே இறங்கி டீக்கடை வரை போய்வந்தார். மங்களம் மெஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

ஐப்பசி பாதியில் வந்தது வினை. வீட்டுக்காரர் குணசேகரன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டார்ச்சோடும் நோட்டோடும் படிக்குக் கீழே இருக்கும் சப்-மீட்டரைப் பார்ப்பார். மூன்று குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே கனெக்‌ஷன். யூனிட்டுக்குப் பத்து ரூபாய். சர்க்கார் தரும் நூறு யூனிட் இலவசமெல்லாம் அவரோடு நின்றுவிடும். அது ஊரெங்கும் உள்ள வழக்கம்தான், அவரைத் தனியாகக் குறை சொல்ல முடியாது.

"அறுநூத்தி நாப்பது யூனிட்மா" என்றார், அவருக்கே கூச்சமாக இருந்தது போல.

வீட்டு வாடகையும் கரண்ட் பில்லும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. மெஷின் வாடகை தனி. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதை. மங்களம் மாடிப்படியில் நின்று அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்துல ஓடுற தண்ணிக்குக்கூட நாங்க காசு குடுத்ததில்ல. இங்க மூச்சு வுடறதுக்கே மீட்டர் போட்டு வாங்குறீங்களே, நல்லாருப்பீங்களா?"

குணசேகரன் நோட்டை மூடிக்கொண்டு இறங்கிப் போனார். மங்களம் உள்ளே வந்தபோது ரெங்கசாமி கட்டிலில் உட்கார்ந்து மூக்குக் குழாயைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் தீராத மங்களம், "அதை எதுக்கு எடுத்தீங்க? மாட்டுங்க" என்று அவர்மேலும் விழுந்தாள். அவர் மாட்டிக்கொண்டார். தான் வீசிய சொல் யார்மேல் போய் விழுந்தது என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

அவள் விடவில்லை. மெஸ்ஸுக்கு வயரிங் வேலை பார்க்கும் ஜாஃபர் சாதிக்கைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தாள். அவன் பாத்ரூமுக்குள் போனவன் கீசரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான்.

"சுவிட்ச் ஆஃப்ல இருக்கு, டேங்க் கொதிக்குது பாருங்கக்கா. எவனோ சுவிட்ச் கெட்டதும் நேரா வயரைக் குடுத்திருக்கான். நாள் பூராவும் தண்ணிய சூடாவே வெச்சுக்கிட்டிருக்கு."

மங்களத்துக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு சந்தோஷமும் இருந்தது. கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம். குணசேகரனை மேலே வரவழைத்து, கீசரில் கையை வைக்கச் சொன்னாள். அவர் நியாயஸ்தர்தான். நூறு யூனிட்டைத் தள்ளுபடி செய்து, கீசரையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். குளிக்கிற வெந்நீரை அவள் அடுப்பிலேயே போட்டுக்கொண்டாள்.

அந்த வாரத்திலிருந்துதான் ரெங்கசாமி புதிதாக ஒன்று கேட்க ஆரம்பித்தார். தினமும் அவள் செருப்பைப் போடும்போது, "எத்தனை மணிக்கு வருவே?" என்பார்.

"ஆறரைக்குத்தான். தெனம் என்ன கேள்வி?" என்பாள் அவள். மெஸ்ஸில் கூடக் காய் நறுக்குகிறவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். "கல்யாணமான புதுசுலகூட இப்படிக் கேட்டதில்ல. இப்பத்தான் பொண்டாட்டி ஞாபகம் வருது மனுஷனுக்கு." சிரித்தாளே தவிர, அவளுக்கு அது பிடித்திருந்தது. முப்பது வருஷத்தில் முதல் முறையாகத் தனக்காக ஒருவர் வழி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்தாள்.

கார்த்திகையில் ஒரு நாள் அடைமழை. மெஸ்ஸில் கூட்டமில்லை, மூன்று மணிக்கே அனுப்பிவிட்டார்கள். அவள் படியேறும்போது மெஷின் பீப் என்று ஒரு சத்தம் போட்டு உறும ஆரம்பித்தது. கதவைத் திறந்தால் ரெங்கசாமி கட்டில் ஓரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் ஏறி ஏறி இறங்கியது.

"ஏங்க, என்னாச்சு?"

"பாத்ரூம் போயிட்டு வந்தேன்" என்றார். அதைச் சொல்வதற்குள் மூன்று முறை நிறுத்தினார்.

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க என்ன இருந்தது?

மார்கழியில் மறுபடி டார்ச்சும் நோட்டும் வந்தன. முன்னூற்று இருபது யூனிட். பாதிக்குப் பாதி. மங்களம் அன்று ரவா கேசரி கிண்டினாள். ஒரு கிண்ணம் குணசேகரன் வீட்டுக்கு, ஒரு டப்பா ஜாஃபர் சாதிக்குக்கு. அவன் கேசரியை வாயில் போட்டுக்கொண்டே நெற்றியைச் சுருக்கினான்.

"பழைய கீசரு ரெண்டு மாசத்துக்கு நூறு, மிஞ்சிப்போனா நூத்தம்பது யூனிட் தின்னுருக்கும்கா. முன்னூறு குறையாதே."

"ஒனக்கு என்னடா தெரியும்? அது பேயி. எவ்வளவு தின்னுச்சுன்னு அதுக்குத்தான் தெரியும்" என்று அவன் வாயை அடைத்தாள். ஜெயித்த கணக்கை யாராவது திருப்பிப் போட்டுப் பார்ப்பார்களா?

மீட்டர் சேதியை அவரிடம் சொன்னபோது ரெங்கசாமி, "பாதியாயிடுச்சா?" என்று இரண்டு முறை கேட்டார். கேசரியை ஒரு வாய்தான் சாப்பிட்டார். ஆனால் அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. பழைய நாளில் வாய்க்கால் சண்டை இல்லாமல் முறை முடிந்து வரும்போது இருக்கும் திருப்தி.

அதற்குள் அவர் உடம்பு இறங்கத் தொடங்கியிருந்தது. கால் வீங்கியது. விரல் நகம் நிறம் மாறியது. டீக்கடை நின்றது, பிறகு படி நின்றது, பிறகு கதவு வரை நடப்பதும் நின்றது. குளிர் என்று நினைத்தாள் மங்களம். மார்கழிப் பனி யாரைத்தான் விட்டது? தை மாதம் டாக்டர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு அவளைத்தான் கேட்டார்.

"மெஷினை ஒழுங்கா போடுறீங்களா? இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகக் கூடாதே."

"எம் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன் சார். குளிக்க, சாப்பிட எடுக்குறதோட சரி. நானே மாட்டி வுட்டுட்டுத்தான் வேலைக்குப் போறேன்." சத்தியம் செய்த அவள் கையை ரெங்கசாமி பார்த்தார். டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறரைக்கு அவள் வந்தபோது ரெங்கசாமி கட்டிலில் சாய்ந்தபடி போயிருந்தார். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழாய் மூக்கில்தான் இருந்தது. வாசல் கேட்டுக்கு நேராக இருந்த ஜன்னல் பக்கம் தலை திரும்பியிருந்தது.

நன்னிலத்திலிருந்து மகள் வானதி வந்தாள். ஊர்ச் சனம் வேன் பிடித்து வந்தது. செய்ய வேண்டியதெல்லாம் செய்துவிட்டாய், உன்னைப்போல் யார் பார்ப்பார்கள் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மங்களம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். கடைசி வரை மெஷினை நிறுத்தவில்லை, பில்லுக்குப் பயந்து ஒரு நாளும் நிறுத்தவில்லை என்று அழுகைக்கு நடுவே அவளே எல்லோருக்கும் சொன்னாள்.

ஆறாம் நாள் திருமுருகன் மெஷினை எடுத்துப்போக வந்தான். ஓட்டிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் இருந்த சின்னக் கட்டத்தில் தெரிந்த எண்ணைத் தன் தாளில் எழுதினான்.

"அது என்ன தம்பி?"

"எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டும்மா. ரெண்டாயிரத்து ஐந்நூறு. டாக்டர் சொன்னபடி ஓடியிருந்தா இந்நேரம் மூவாயிரத்து நானூறைத் தாண்டியிருக்கணும்." அவன் ஏதோ நல்ல சேதி சொல்வது போலச் சொன்னான். "கம்மியாத்தான் ஓட்டியிருக்கீங்க. மெஷின் புதுசு மாதிரியே இருக்கு."

மங்களம் தாளை வாங்கிப் பார்த்தாள். தொள்ளாயிரம் மணி நேரம் எங்கே போயிற்று? அவளுக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் இந்தக் கணக்குக்கு அதுவே அதிகம். எட்டரையிலிருந்து ஆறரை வரை பத்து மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால், அந்த முதல் பில் வந்ததிலிருந்து தொண்ணூற்றுச் சொச்சம் நாள்.

எத்தனை மணிக்கு வருவே?

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் செருப்புச் சத்தம் படியிறங்கியதும் அவர் மெஷினை அணைத்திருக்கிறார். ஆறு மணிக்கு மேல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, அவள் கேட்டைத் திறக்கும்போது போட்டிருக்கிறார். பகல் அவளுக்கு, ராத்திரி தனக்கு என்று முறை வைத்திருக்கிறார். முறை முடிந்ததும் தன் மடையைத் தானே அடைத்திருக்கிறார். நான் பார்க்கவேயில்லையே, கேசரி கிண்டி ஊருக்குக் கொடுத்தேனே என்று அவள் நெஞ்சு வெடித்தது. மகள் பேரில் செய்த சத்தியம் வேறு நினைவுக்கு வந்தது. திருமுருகன் பயந்துபோய், "அம்மா, தண்ணி குடிங்கம்மா" என்றான். அவன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்த அறை அவளால் தாங்க முடியாத அளவுக்கு நிசப்தமாகிவிட்டது.

வானதியிடம்கூட அவள் சொல்லவில்லை. அந்த வாயிலிருந்து முதல் முறையாக ஒரு விஷயம் வெளியே வரவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, போர்ஷனைக் காலி செய்யச் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது குணசேகரன் வந்தார். துக்க வீடு என்று மீட்டர் பார்ப்பதைப் பத்து நாள் தள்ளி வந்திருந்தார். சாமானைப் பார்த்தபடி தயங்கி நின்றார். பிறகு கீழே போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

"கம்மிதாம்மா. முன்னூறு யூனிட்டுக்குள்ளதான் வந்திருக்கு."

மங்களம் கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே போட்டாள்.

"இல்லீங்க. ஐந்நூறு வந்திருக்கணும்" என்றாள். "நீங்க போய் நல்லா பாருங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த வீட்டிலும் எந்தக் குடித்தனக்காரரும் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை படியிறங்கினார்.