வறண்ட ஏரிக்கு மீன் பிடிக்கப் போனோம்

பேய், ஆவி எதையும் நான் நம்பியவன் இல்லை. முப்பத்து நான்கு வருடம் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன். எண்ணிப் பார்க்க முடியாத எதையும் ஒப்புக்கொண்டதில்லை. இதைக் கேட்டுவிட்டு, கிழவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். என் மனைவி சரோஜாவே அப்படித்தான் சொல்கிறாள்.

டெக்ஸாஸில், ரிச்சர்ட்சனில் இருக்கும் எங்கள் மகன் செந்தில் வீட்டுக்கு ஆறு மாதம் போயிருந்தோம். அவன் அமெரிக்கா போய்ப் பத்தொன்பது வருடம். அதில் நானும் அவனும் மட்டுமாக ஒரு முழு நாள் இருந்ததே இல்லை, கணக்குப் பார்த்துவிட்டேன். எனக்கு எழுபத்தாறு. இனிமேல் இவ்வளவு தூரம் பறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆகவே ஊர் திரும்புமுன் ஒரே ஒரு நாள் அவனோடு மீன் பிடிக்கப் போவதென்று முடிவு செய்தேன். பக்கத்து ஏரி என்றால் பாதியில் ஆபீஸுக்கு ஓடிவிடுவான். அதனால் மேற்கே பாலைவனத்தில் இருந்த ஓர் ஏரியை இணையத்தில் நானே தேடிப் பிடித்தேன்.

திட்டம் போட்டதுதான் மிச்சம். நான்கு சனிக்கிழமைகள் தள்ளிப்போட்டான். மண்புழு டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னான் கடைக்காரன். தயிர் டப்பாக்களுக்கு நடுவில் வைத்ததற்காக சரோஜா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

"அப்பா, அது டெஸர்ட். தண்ணி இருக்கான்னு பாத்தீங்களா?" என்றான் செந்தில்.

"ரெண்டாயிரத்துச் சொச்சம் அடிடா! நம்ம மேட்டூரே நூத்தி இருபதுதான்."

காதில் மாட்டியிருந்த ஃபோனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே தலையாட்டினான்.

விமானத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டான். விடியுமுன் கிளம்பி ஐந்தரை மணி நேரம் ஓட்டினான். போய் இறங்கினால் ஏரி இல்லை. வெடித்த களிமண், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. படகுத்துறை மண்ணில் கிடந்தது. செந்தில் ஃபோனை எடுத்து நான் பார்த்த பக்கத்தையே பார்த்தான்.

"அப்பா, இது கடல் மட்டத்துலேர்ந்து உயரம். ஆழம் இல்லப்பா."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"நான் ஃபோன் கால்ல இருந்தேன்."

"எப்பதான்டா கால்ல இல்ல நீ?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தூண்டிலை எடுத்து அந்தக் காய்ந்த தரையிலேயே வீசினேன். முள் தூரத்தில் எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை.

"தூண்டில் நரம்ப கட் பண்ணிடுங்கப்பா."

"மாட்டேன்."

"உங்க பிடிவாதம் இருக்கே!" என்று முனகிக்கொண்டே இறங்கி நடந்தான். நான் கரையில் கையைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு அவன் எட்டுகளை எண்ணினேன். எண்பத்து மூன்றில் நின்றான். குனிந்தான். பிறகு வலது கையில் ஃபோனைத் தலைக்கு மேல் உயர்த்தினான். இங்கேயும் சிக்னல் தேடுகிறான் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியே கையை இறக்காமல், மெதுவாக, ஒவ்வொரு எட்டாக அழுத்தி வைத்துத் திரும்பி வந்தான்.

நம்பினால் நம்புங்கள். பகல் பதினொன்றரை மணி, நல்ல வெயில். பக்கத்தில் வந்தபோதுதான் பார்த்தேன்: கழுத்து வரைக்கும் நனைந்திருந்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஃபோன் மட்டும் காய்ந்திருந்தது. அவன் பின்னால் தரை வெடித்துக் கிடந்தபடியே கிடந்தது.

"என்னடா இது?"

"வண்டில ஏறுங்கப்பா."

ஐந்தரை மணி நேரமும் ஈரச் சட்டையோடே ஓட்டினான். அழைப்புகள் வந்தன, எதையும் எடுக்கவில்லை. நான் கேட்டிருந்த ஒரு நாள் அப்படித்தான் போனது.

ஒன்பதாம் நாள் விமான நிலையத்தில் சரோஜாவை முன்னே போகவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கோவத்துலதான இருந்தீங்க? பரவால்லப்பா. ஆனா தண்ணில கால் எட்டாம நான் அத்தனை தடவை கத்தினேனே, ஏன்பா கையக் கட்டிக்கிட்டே நின்னீங்க?"

அவன் வாய் திறந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. அங்கே காற்றுகூட இல்லை. என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான், நான் எண்ணிக்கொண்டிருந்த சத்தம்.