எள்ளைக் கையில் வாங்காதவன்: பிராங்பேர்ட்டில் ஒரு ஷாபு ஷாபு விருந்து

நவம்பர் முதல் வாரம் பிராங்பேர்ட் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஈரோடு பக்கம் சிவகிரியில் எனக்கு எள் மண்டி. தோல் நீக்கிய வெள்ளை எள்ளை ஏற்றுமதிக்குத் தயார் செய்கிறேன். பிராங்பேர்ட்டில் ஜப்பானிய உணவகம் நடத்தும் மிச்சிகோ என்ற அம்மையார் எள் சாஸ் தயாரித்துக் கடைகளுக்கும் கொடுக்கிறார். நான் அனுப்பிய மாதிரி பிடித்துப்போய், "நேரில் வாருங்கள், என் கடையில் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்" என்று எழுதியிருந்தார். நம் நாட்டு எள் என்றாலே பூச்சிமருந்து எச்சம் இருக்குமோ என்ற சந்தேகம் அங்கே உண்டு. அதனால் ஜெர்மனியில் வேறு ஒருவரும் எனக்குப் பதிலே போடவில்லை. இவரும் வேண்டாம் என்றால் ஐரோப்பாவை மறந்துவிட வேண்டியதுதான்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எஸ்-பான் ரயிலில் கால் மணி நேரம், ஏழு யூரோவுக்குள் முடிந்தது. டாக்ஸி எடுக்காதீர்கள், வீண். எனக்கு ஜெர்மன் தெரியாது என்பதால், அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் யோகன் என்ற யாழ்ப்பாணத்து நண்பரைத் துணைக்கு வரச் சொல்லியிருந்தேன். பெரிய ரயில் நிலையத்திலிருந்து உணவகத்துக்கு நடந்தே போனோம். பத்து நிமிட நடை. வழி நெடுக விலைக் கணக்கை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"எள்ளு காயுறது எண்ணெய்க்கு. நான் ஏனண்ணை உங்களோட சேர்ந்து காயுறன்?" என்றார் யோகன். சிரிப்பு வரவில்லை.

ஷாபு ஷாபு தெரியாதவர்களுக்கு: மேசை நடுவில் அடுப்பு, அதன்மேல் கொதிக்கும் தெளிந்த சாறு. தாள் போலச் சீவிய இறைச்சியைக் குச்சியால் பிடித்து அதில் இரண்டு அலசு அலசி, எள் சாஸில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். வழக்கமாக மாட்டிறைச்சிதான். சொன்னால் கோழி தருகிறார்கள். தலைக்கு இருபத்தொன்பது யூரோ. முட்டைக்கோஸ், காளான், டோஃபு எல்லாம் அதிலேயே சேர்த்தி. சைவக்காரர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: சாறு கடற்பாசியில் வைத்ததா, மீன் சேர்ந்ததா என்று. தண்ணீருக்கும் தனியாகக் காசு.

மிச்சிகோ அம்மையாருக்கு அறுபது வயது இருக்கும். அதிகம் பேசவில்லை. நான் அனுப்பிய எள்ளை எங்கள் கண்ணெதிரே சின்ன வாணலியில் வறுத்தார். கொஞ்சம் தன் உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்தார். பிறகு அந்தக் கையை என் கைக்கு மேலே கொண்டுவந்து கவிழ்க்கப் போனார்.

என் கை தானாகப் பின்னால் போய்விட்டது.

எங்கள் பக்கம் எள்ளையும் உப்பையும் கைக்குக் கை வாங்குவதில்லை. வாங்கினால் உறவு அறுந்துவிடும் என்பார்கள். மண்டியில்கூட மாதிரியைத் தட்டில் கொட்டித்தான் காட்டுவேன். இந்த அம்மையாரோடு உறவு நிலைக்க வேண்டும் என்று கடல் தாண்டி வந்தவன், கையை இழுக்காமல் என்ன செய்வேன்?

ஆனால் அவர் பார்த்தது வேறு. ஒரு வியாபாரி தன் சொந்தச் சரக்கைத் தொடப் பயப்படுகிறான். எள்ளைக் காகிதக் கைக்குட்டையில் மடித்து ஓரமாக வைத்தார். சாஸ் அரைக்க மேசைக்குக் கொண்டுவந்திருந்த அரைக்கும் கல்லை உள்ளே எடுத்துப் போகும்படி பரிமாறும் பெண்ணிடம் சொன்னார். வேறு யாருடைய எள்ளிலோ செய்த பழைய சாஸ் கிண்ணத்தில் வந்தது.

"என்ன அண்ணை செய்தனீங்கள்? உங்கட எள்ளை நீங்களே தொடாட்டி அவ எப்பிடி நம்புவா?" யோகன் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

காரணத்தைச் சொன்னேன். "இதை ஜெர்மன்ல சொல்லுங்க" என்றேன்.

"உறவு அறும் எண்டால், ஏன் எண்டு கேப்பா. எள்ளும் தண்ணியும் இறைக்கிறதைச் சொல்ல வேணும். செத்த வீட்டுச் சாமானை விக்க வந்திருக்கிறார் எண்டு நினைச்சிட்டா?"

அதுவும் நியாயம்தான். சொல்ல வேண்டாம் என்றேன். கோழி வெந்ததா வேகவில்லையா என்றுகூடத் தெரியாமல் விழுங்கினேன். அம்மையார் வானிலை பற்றிப் பேசினார். வியாபாரம் பேச அழைத்தவர் வானிலை பேசினால் என்ன அர்த்தம் என்று வியாபாரிகளுக்குத் தெரியும்.

எனக்குக் குச்சி பிடிக்க வரவில்லை. காளான் நழுவி நழுவி ஓடியது. யோகன் பாவம் பார்த்து ஒரு காளானைத் தன் குச்சியால் எடுத்து நீட்ட, நான் என் குச்சியால் பிடிக்கப் போனேன். மிச்சிகோ அம்மையார் சட்டென்று இரண்டுக்கும் நடுவே கையை வைத்தார். முகம் மாறியிருந்தது. யோகனிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"இப்பிடிக் குச்சிக்குக் குச்சி குடுக்கக் கூடாதாம் அண்ணை. யப்பானில ஆளை எரிச்ச பிறகு எலும்பை அப்பிடித்தான் எடுத்து மாத்துவினமாம்."

"ஏனுங்க யோகன், இப்பச் சொல்லிப்போடுங்க. எள்ளப் பத்தி."

அவர் சொன்னார். நீளமாகவே சொன்னார். அம்மையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி.

"அப்ப எள்ளை நீங்கள் கையால தொடவே மாட்டீங்களோ எண்டு கேக்கிறா."

"தொடலாமுங்க. கைக்குக் கை மாறக்கூடாது, அவ்வளவுதான். தட்டுல வெச்சா நானே எடுத்துத் திம்பேன்."

மடித்து வைத்த காகிதத்தை அவர் பிரித்து, எள்ளை ஒரு தட்டில் கொட்டி மேசை நடுவே வைத்தார். அள்ளி வாயில் போட்டேன். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கல் திரும்பி வந்தது. வாணலியில் இருந்த மீதி எள்ளை அரைத்துச் சாஸ் கலந்து, முதலில் தானே தோய்த்துச் சாப்பிட்டார். அந்த முகத்தைப் பார்த்த அளவுக்கு நான் எந்தத் தராசு முள்ளையும் பார்த்ததில்லை.

"கொஞ்சம் கசக்குதாம்," என்றார் யோகன். நான் குச்சியைக் கீழே வைத்தேன். "வறுத்தது கூடிப்போச்சாம். அது தன்ர பிழையாம். ஆனா ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல் வாங்க ஏலாதாம்."

"அனுப்பச் சொல்லுங்க. நானா இருந்தாலும் அனுப்பித்தான் வாங்குவேன்."

போன வாரம் பதில் வந்தது. சரக்கு சுத்தம். நான் விற்க நினைத்தது ஒரு கண்டெய்னர், அதாவது பதினெட்டு டன். அவர் கேட்டிருப்பது ஒரு டன். சரி என்று எழுதிவிட்டேன்.

போகிறவர்களுக்கு: மேசையை முன்பே பதிவு செய்துவிடுங்கள். ரொக்கமும் வைத்திருங்கள், எல்லாக் கடையிலும் அட்டை எடுப்பதில்லை. நம் வழக்கம் எதையாவது வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தாலும் அங்கேயே சொல்லிவிடுங்கள். நாம் சும்மா இருந்தால் எதிரில் இருப்பவர் தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார். அது நம் சரக்கின் தலையில்தான் விழும். எள் வியாபாரி யாராவது போவதாக இருந்தால் பையில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். எடை ஒன்றும் பெரிதாக வராது.